ஆட்டுக்குட்டி இல்லை, பூடில்

"ஏன்டா தம்பி, ஆட்டுக்குட்டியக் கயித்துல கட்டிக்கிட்டு நடக்குறாங்க?"

நுவரெலியா கிரகரி வாவிக் கரையில் இன்று காலை அப்பாயி கேட்டது இது. ஆடில்லை, பூடில் என்ற நாய் என்றேன். நம்பவில்லை.

தூறல் வேறு. நாய்க்குச் சொந்தக்கார அக்கா பெஞ்சில் உட்கார்ந்து, அதன் காதுமடலைத் தூக்கி, சிக்கு விழுந்த முடியை விரலால் பிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே ரத்தம் குடிக்கும் ஓர் அட்டை! சீப்பை வைத்துவிட்டுப் பையிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்தார். மலைநாட்டுக்காரர்தான், சந்தேகமே இல்லை.

பூடிலுக்கு முடி அதிகம் கொட்டாது. ஆனால் வளர்ந்துகொண்டே இருக்கும். அடிக்கடி சீவ வேண்டும், 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை வெட்டவும் வேண்டும். சோபாவில் முடி ஒட்டாது என்று ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் இந்த வேலையைக் கணக்கில் எடுப்பதில்லை.

பார்க்கத்தான் பொம்மை. வேட்டையில் சுட்ட வாத்தைத் தண்ணீரில் நீந்திப்போய்க் கவ்வி வர வளர்த்த இனம். மூட்டிலும் நெஞ்சிலும் முடியை விட்டுவைத்ததே குளிர்நீரில் உடம்பு விறைக்காமலிருக்கத்தான். புத்தியும் அதிகம். சும்மா கட்டிப்போட்டால் குரைத்தே வீட்டை ரெண்டாக்கிவிடும்.

எங்கள் தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) வளரும் நாய் மணிக்கு ஓர் உதறல் போதும், பாதி காய்ந்துவிடும்.

அப்பாயி மெதுவாகப் போய் அதன் தலையைத் தடவிப் பார்த்தார்.

"மெத்து மெத்துன்னு இருக்குடா. ஆடேதான்."