எடை மெஷின் சொல்லாதது

சென்னையில் ஒரு மருத்துவமனையில், இதயம் போதுமான அளவு ரத்தத்தைப் பம்ப் செய்ய முடியாத நோயான இதய செயலிழப்புக்கான பிரிவில் டயட்டீஷியனாக வேலை பார்க்கிறேன். இங்கே வருகிறவர்களில் பலருக்கு எக்கோ ரிப்போர்ட் மனப்பாடம். "பம்பிங் 30 தான்மா" என்பார்கள். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு அது. உடம்பில் இரும்புச் சேமிப்பு எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டின் எவ்வளவு என்று கேட்டால் விழிப்பார்கள். அந்தப் பரிசோதனையை யாரும் எழுதிக் கொடுத்திருக்கவே மாட்டார்கள்.

வியாசர்பாடியிலிருந்து ஓர் அம்மா வருவார். எடை பார்த்தால் போன தடவை இருந்ததேதான். ஆனால் கையைத் தூக்கினால் வளையல் முழங்கை வரை வழுக்கி ஓடியது, நெற்றியின் இரண்டு ஓரமும் குழி விழுந்திருந்தது. கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நின்றது. சதை கரைந்த கணக்கை நீர் சரிக்கட்டிவிடுகிறது. நீர் மாத்திரையில் வீக்கம் வடிந்த பிறகுதான், அவர் எவ்வளவு இளைத்துப்போயிருக்கிறார் என்று வீட்டில் இருப்பவர்களுக்கே தெரிந்தது.

"காலையில என்ன சாப்பிட்டீங்கம்மா?"

"ரெண்டு இட்லிக்கு மேல எறங்கல கண்ணு. வயிறு திம்முனு இருக்கு."

பொய் இல்லை. காலில் கோக்கும் நீர் குடலிலும் கோக்கும். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிரம்பிவிடும். போதாததற்கு, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள் என்று வீட்டில் உப்பே போடாமல் சமைத்திருக்கிறார்கள். இருந்த பசியும் போய்விட்டது. அப்பளம், ஊறுகாய், கருவாடு மூன்றையும் நிறுத்துங்கள், சமையலில் அளவாக உப்பு போடுங்கள், மிளகும் எலுமிச்சையும் தாராளமாகச் சேருங்கள் என்றேன். உப்புக்குப் பதிலாகக் கடைகளில் விற்கும் பொட்டாசியம் உப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். இவர்கள் சாப்பிடும் சில மாத்திரைகளே ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும். அப்புறம், மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்து, நடுவில் முட்டையும் சுண்டலும்.

அவருடைய ஹீமோகுளோபின் 12.4. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை என்பதால், "ரத்தம் நல்லாத்தான் இருக்கு" என்று முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஃபெரிட்டின் 48 வந்தது. இதய செயலிழப்பு உள்ளவர்களுக்கு அது 100-க்குக் கீழே இருந்தாலே இரும்புச்சத்துக் குறைவு. 100 முதல் 299 வரை இருந்தால், ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனையும் பார்ப்பார்கள், அது 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் குறைவுதான். ரத்தத்துக்கு மட்டுமல்ல, தசைக்கும் இதயத்துக்கும் இரும்பு வேண்டும். அதனால்தான் ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் அவருக்கு அப்படி ஓர் அசதி.

மகள் பாவம், காலையிலேயே கறிக்கடைக்குப் போய் ஆட்டு மண்ணீரலான சுவரொட்டியை வாங்கிச் சமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதை நான் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் இந்த நோயில் உடம்புக்குள் ஓயாத அழற்சி இருக்கும். அதனால் ஈரல், இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரந்தால், சாப்பிட்ட இரும்பு குடலைத் தாண்டி ரத்தத்தில் சேராது. மாத்திரைக்கும் இதே கதிதான். 2017-இல் வந்த அயர்ன்அவுட் ஆய்வில் இரும்பு மாத்திரை சாப்பிட்டவர்களின் உடல் திறன் கூடவில்லை. நரம்பு வழியாக ஏற்றும் ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற இரும்பு மருந்து பலன் தருவதை 2009-லேயே ஃபேர்-எச்எஃப் ஆய்வு காட்டியது. ரத்தசோகை இல்லாதவர்களும் அதில் தேறினார்கள்.

டாக்டரிடம் பேசினேன், ஊசி போட்டார்கள். இதயம் பழையபடிதான் இருக்கிறது. ஆனால் ஹவுசிங் போர்டு மாடிப்படியை இப்போது நடுவில் ஒரே ஒரு தடவை நின்று ஏறிவிடுகிறாராம்.

இதய செயலிழப்பு உள்ள எல்லாருக்கும் அவ்வப்போது ஃபெரிட்டினும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனும் பார்க்க வேண்டும் என்று ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2021 வழிகாட்டுதல் சொல்கிறது. எக்கோவுக்குச் சீட்டு எழுதும்போதே இந்த இரண்டையும் சேர்த்து எழுதிவிடுங்கள் என்று எங்கள் டாக்டர்களிடம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். இப்போது சிலர் எழுதுகிறார்கள்.