கோச்சுக்கு இரண்டு வருஷம்

2025 மே 18, ஞாயிறு

புதிய கோச் இன்று வந்தார். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். சிங்களப் பிள்ளை. தமிழ் நன்றாக விளங்குகிறது, பேசும்போதுதான் கொஞ்சம் தடுக்குகிறது. பிள்ளைகள் முதல் நிமிடத்திலேயே ‘மிஸ்’ என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

எங்கள் பெண்பிள்ளைகளின் கூடைப்பந்து அணியில் பன்னிரண்டு பேர். மூத்தவளுக்குப் பதினேழு, கடைக்குட்டிக்குப் பதினாலு. என் பெறாமகளுக்குப் பதினாறு. கொழும்பு பம்பலப்பிட்டியில் கூரை இல்லாத ஒரு சீமெந்துத் தரையில்தான் பயிற்சி. நாலு வருஷத்தில் மூன்று கோச் வந்து போய்விட்டார்கள். ஒருவர் வெளிநாடு போனார். இன்னொருவருக்கு வேறு இடத்தில் நல்ல சம்பளம் கிடைத்தது. மூன்றாமவரை, ஒரு கப்பும் வரவில்லை என்று நாங்களே அனுப்பினோம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையைத் தொடங்கினார்கள். அது பிள்ளைகளுக்குப் பிடிபடுவதற்குள் அடுத்தவர் வந்துவிட்டார்.

மதிலோரம் இருந்தவர்கள் எல்லோரிடமும் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. கடைக்கார அண்ணருக்கு இந்த வருஷமே கப் வேண்டும். ஒரு தாய்க்குத் தன் மகள் ஆட்டத்தைத் தொடங்கும் முதல் ஐந்து பேரில் இறங்க வேண்டும். இன்னொருவருக்கு ஆறு மணிக்குள் முடிய வேண்டும், ரியூசன் இருக்கிறது. எனக்கும் ஒரு ஆசை உண்டு: கொட்டாஞ்சேனை அணியை ஒரு தடவையாவது வெல்ல வேண்டும். நான் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து அவர்களிடம் தோற்றுக்கொண்டே இருக்கிறோம்.

முதல் நாற்பது நிமிடம் மிஸ் பந்தையே எடுக்கவில்லை. முழங்காலை மடித்து, கையை விரித்து, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர வைத்தார். “அத் உடட!” என்று சிங்களத்தில் ஒரு தடவை, “கையைத் தூக்கு!” என்று தமிழில் ஒரு தடவை. மதிலோரம் முணுமுணுப்புத் தொடங்கியது. “இவ தேசிய அணியில விளையாடினவவா?” என்று ஒருவர் கேட்டார். இல்லையாம்.

மே 20, செவ்வாய்

மழை. பயிற்சி இல்லை.

மே 25, ஞாயிறு

இன்று பார்த்ததை விரிவாக எழுத வேண்டும்.

எங்கள் பிள்ளைகளில் ஏழு பேர் வலைப்பந்திலிருந்து வந்தவர்கள். இந்த நாட்டில் உயரமான பெண்பிள்ளை என்றால் முதலில் வலைப்பந்துக்குத்தான் கூப்பிடுவார்கள். அதில் குறையொன்றும் இல்லை; 2018இல் தர்ஜினி சிவலிங்கம் ஆடிய இலங்கை அணி ஆசியக் கிண்ணத்தை எடுத்தபோது நான் அழுதிருக்கிறேன். பள்ளிக் காலத்தில் நானும் கோல் ஷூட்டராக நின்றவள். ஆனால் வலைப்பந்தில் பந்தைப் பிடித்தால் ஓட முடியாது, மூன்று விநாடிக்குள் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிவிட்டது. கூடைப்பந்திலும் பந்து கைக்கு வந்த உடனே பிள்ளைகள் அப்படியே உறைந்து நிற்கிறார்கள். முன்னால் வழி திறந்திருந்தாலும் தட்டிக்கொண்டு போவதில்லை. யாராவது கை நீட்டினால் போதும், பதறிப்போய் எறிந்துவிடுவார்கள்.

முன்னைய கோச்சுகள் இதற்குத்தான் கத்துவார்கள். மிஸ் கத்தவில்லை. “நீங்க பிழை செய்யல. அது வலைப்பந்தில சரி. இங்க உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு” என்றார். அப்புறம் ஒவ்வொருவரிடமும் பந்தைக் கொடுத்து, ஒரு காலை ஊன்றி மற்றக் காலைச் சுற்றிச் சுற்றி வைக்கச் சொன்னார். எதிரில் ஒருத்தி கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஐந்தாவது விநாடி நெருங்கும்வரை பந்தை விடக்கூடாது. கடைக்குட்டி இரண்டாவது விநாடியிலேயே விட்டுவிட்டாள். திரும்பவும். திரும்பவும். எட்டாவது தடவை நாலு விநாடி நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இன்னொரு விஷயம். வளையம் இரண்டு விளையாட்டிலும் ஒரே உயரம், 3.05 மீற்றர். வலைப்பந்தில் பின்னால் பலகை இல்லை. அதனால் எங்கள் பிள்ளைகளுக்குப் பலகையைப் பாவிக்கத் தெரியாது. பக்கத்தில் நின்றால்கூட நேரே வளையத்துக்குள்தான் போடப் பார்ப்பார்கள். எங்கள் பலகையில் இருந்த பெட்டிக் கோடும் வெயிலிலும் மழையிலும் அழிந்துபோய்விட்டது. பயிற்சி முடிந்த பிறகு மிஸ் ஏணி ஒன்றைக் கேட்டு வாங்கி ஏறினார். அளவு நாடாவின் மறுமுனையை நான் பிடித்தேன். அகலம் 59 சென்ரிமீற்றர், உயரம் 45. பென்சிலால் குறித்து, கறுப்புப் பெயின்ற்றைச் சின்னத் தூரிகையால் இழுத்தார். ஒரு கோடு கொஞ்சம் வளைந்ததும் துணியால் துடைத்துவிட்டு மறுபடி இழுத்தார். இருட்டிவிட்டது, கைத்தொலைபேசி வெளிச்சத்தில்தான் கடைசிக் கோடு முடிந்தது.

ஜூன் 1, ஞாயிறு

கொட்டாஞ்சேனையோடு நட்புப் போட்டி. 61–28. தோற்றோம்.

நான் கணக்கு வேலை பார்ப்பவள். கை சும்மா இருக்காது. ஒரு சீ.ஆர். கொப்பியில் பந்தை எத்தனை தடவை பறிகொடுத்தோம் என்று கோடு போட்டுக்கொண்டே வந்தேன். 39. நாலு தடவை 24 விநாடி முடிந்தும் எறியவில்லை. மேசையில் இருந்தவர் ஸ்டொப் வோச்சைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்குவார், எங்கள் பிள்ளைகள் என்ன நடந்தது என்று தெரியாமல் முழிப்பார்கள். பாதித் திடலைத் தாண்ட 8 விநாடிதான். அதிலும் மூன்று தடவை மாட்டினோம்.

பன்னிரண்டு பேரையும் மிஸ் இறக்கினார். மூன்றாவது பத்து நிமிடத்தில் பிந்திச் சேர்ந்த சின்னவர்கள் மட்டும் ஐந்து பேர் திடலில் நின்றார்கள். கடைக்கார அண்ணருக்குத் தாங்கவில்லை. “தோக்கிறதுக்கா காசு கட்டுறம்?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். நானும் தலையாட்டினேன். இப்போது எழுதும்போது அது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் சொன்னபோது பெஞ்சில் இருந்த கடைக்குட்டி திரும்பிப் பார்த்தாள்.

ஜூன் 3, செவ்வாய்

பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாக இதே கதைதான். அனுபவமுள்ள ஒருவரைப் பிடிக்கலாம் என்று ஒருவர். பெரிய அணியில் விளையாடாதவர் எப்படிச் சொல்லிக் கொடுப்பார் என்று இன்னொருவர்.

பெறாமகள் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு என் பக்கத்தில் வந்து இருந்தாள். “பெரியம்மா, இதைப் பாருங்கோ” என்று போனை நீட்டினாள். அவளுக்கு அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துத் தொடர் என்றால் உயிர். அதிலும் ஒக்லஹோமா சிட்டி தண்டர் அணி.

அந்த அணியின் கோச் மார்க் டேக்னல்ட். கல்லூரியில் அவர் விளையாட்டு வீரர்கூட இல்லை. கனெக்டிகட் பல்கலைக்கழக அணிக்கு மாணவ மனேஜராக வேலை செய்தவர். அப்புறம் வீரர்களைத் தயார்படுத்தும் தண்டரின் துணை அணியை ஐந்து பருவம் பயிற்றுவித்தார். 2020இல் பெரிய அணியைக் கொடுத்தபோது அவருக்கு வயது 35. கையில் கிடைத்தது பெரும்பாலும் இளம் பிள்ளைகள். முதல் பருவம் 22 வெற்றி, 50 தோல்வி. அடுத்தது 24 வெற்றி, 58 தோல்வி. 2021 டிசம்பரில் மெம்பிஸ் அணியிடம் 152–79 என்று தோற்றார்கள். 73 புள்ளி வித்தியாசம். என்.பி.ஏ. வரலாற்றிலேயே அவ்வளவு பெரிய தோல்வி வேறு இல்லை.

“அதுக்குப் பிறகும் அவரை வைச்சிருந்தாங்களா?” என்று கேட்டேன்.

“வைச்சிருந்தாங்க. அடுத்த வருஷம் 40. அதுக்கடுத்தது 57. இந்த வருஷம் 68 வெற்றி. வெள்ளி காலையில இறுதித் தொடர் தொடங்குது.”

நான் அந்த எண்களை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தேன். 22, 24, 40, 57, 68. கணக்கு வேலை பார்ப்பவளுக்கு இது விளங்கும். முதல் இரண்டு எண்ணையும் மட்டும் பார்த்தால் யாரும் கடையை மூடச் சொல்லுவார்கள். அங்கே காசும் வசதியும் உண்டு, ஆட்களை வாங்கலாம், மாற்றலாம். எங்கள் சீமெந்துத் தரையை அதோடு ஒப்பிட வரவில்லை. ஆனால் இளம் அணி ஒன்றை ஒருவரிடம் கொடுத்துவிட்டு எவ்வளவு நாள் பொறுப்பது என்ற கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். நாங்கள் பொறுத்தது இரண்டு கிழமை.

ஜூன் 10, செவ்வாய்

பொசன் போயா. மிஸ் வீட்டாரோடு மிஹிந்தலைக்குப் போயிருக்கிறார். பயிற்சி இல்லை. பிள்ளைகள் தாங்களாகவே காலையில் போய் இரண்டு மணித்தியாலம் ஆடிவிட்டு வந்தார்களாம். யாரும் சொல்லவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மிஸ் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார். பிளாஸ்டிக் கதிரைகள், இஞ்சி பிளேன்ரீ, கடலை வடை. ஒவ்வொருவரும் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று நேரே கேட்டார். கப், முதல் ஐந்து, ரியூசன் நேரம், எல்லாம் வந்தது. அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பயிற்சியை ஆறுக்கு முன்னர் முடிக்க ஒத்துக்கொண்டார். முதல் ஐந்து பற்றி யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. கப் பற்றி, “இந்த வருஷம் கஷ்டம்” என்று சொல்லிவிட்டார். பொய் சொல்லி எங்களைச் சந்தோஷப்படுத்தியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அந்த இடத்தில்தான் அவர்மேல் நம்பிக்கை வந்தது.

என் முறை வந்ததும் ஒன்றே ஒன்று கேட்டேன். “நீங்க எவ்வளவு காலம் இருப்பீங்க?”

கொஞ்சம் யோசித்தார். “இருக்க விட்டா ரெண்டு வருஷம். இந்தச் சின்ன பிள்ளைகள் பதினாறு ஆகும் வரைக்கும்.”

அப்புறம் அவர் எங்களிடம் ஒன்று கேட்டார். மதிலோரத்திலிருந்து ‘எறி’, ‘குடு’, ‘ஓடு’ என்று கத்த வேண்டாம். கை தட்டலாம், பெயர் சொல்லிக் கூப்பிடலாம். “பிள்ளைக்கு ரெண்டு கோச் வேண்டாம்.”

கடைக்கார அண்ணர் பதில் சொல்லவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை. அவருக்கும் இந்தப் பிள்ளைகளில் பாசம்தான். எந்த மெட்சுக்கும் தண்ணீர்ப் போத்தல் பெட்டியைத் தன் செலவில் கொண்டுவருகிறவர் அவர். தோல்வியை அவர் பிள்ளைகளுக்காகத்தான் பொறுக்காமல் இருக்கிறார் என்று நினைக்கிறேன்.

ஜூன் 23, திங்கள்

காலை ஐந்தரை. என்.பி.ஏ. இறுதித் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். பெறாமகளும் நானும் ஒரே போர்வைக்குள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்தியானாவின் ஹாலிபர்ட்டன் முதல் கால்பகுதியிலேயே காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். தரையைக் கையால் அடித்து அழுதார். பெறாமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். எதிரணிக்காரர் என்றாலும் அதைப் பார்க்க முடியவில்லை.

103–91. தண்டர் சம்பியன். அதே கோச். 73 புள்ளியால் தோற்ற அன்று ஓரத்தில் நின்ற அதே மனிதர்.

வேலைக்குப் போகும் வழியில் வட்ஸ்அப் குழுவில் அந்த ஐந்து எண்களையும் போட்டேன். வேறொன்றும் எழுதவில்லை.

ஜூன் 28, சனி

மறுபடியும் கொட்டாஞ்சேனை, அவர்களுடைய திடலில். 53–44. தோற்றோம். ஆனால் கொப்பியில் 21 கோடுதான். 39 இருந்த இடத்தில் 21. 24 விநாடியில் ஒரு தடவைகூட மாட்டவில்லை.

இரண்டாவது கால்பகுதியில் கடைக்குட்டிக்குப் பந்து வலது பக்கம் வந்தது. உயரமான ஒருத்தி அவள் தலைக்கு மேல் கையை விரித்துக்கொண்டு நின்றாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் மனசுக்குள் எண்ணினேன். காலை ஊன்றி ஒரு தடவை திரும்பினாள், மற்றப் பக்கம் திரும்பினாள், ஒரே ஒரு தட்டு, பந்தைப் பலகையில் வைத்தாள். பெட்டியின் மேல் மூலையில் பட்டு உள்ளே விழுந்தது. கடைக்கார அண்ணர் எழுந்து நின்று அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். பெயரை மட்டும்.

ஒன்று எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்பு உண்மையாக இருக்காது. கடைசிப் பத்து நிமிடமும் என் பெறாமகள் பெஞ்சில் இருந்தாள். இந்த அணி தொடங்கிய நாளிலிருந்து அவள் முதல் ஐந்தில் ஒருத்தி. ஒன்பது புள்ளிதான் வித்தியாசம், அவள் நின்றிருந்தால் என்ற எண்ணம் தொண்டைவரை வந்தது. மிஸ்ஸிடம் போய்க் கேட்க இரண்டு எட்டு வைத்தும்விட்டேன். இரண்டு வருஷம் தருவதாக மனசுக்குள் சொல்லியிருந்தேன். அந்த வார்த்தை மற்றவர்களின் பிள்ளைகளுக்கு மட்டுமா? திரும்பி வந்து தண்ணீர்ப் போத்தல்களை எண்ணி அடுக்கினேன்.

பஸ்ஸில் அவள் யன்னல் பக்கம் இருந்தாள். கோட்டை போனது, கொள்ளுப்பிட்டி போனது, ஒரு வார்த்தை இல்லை. பம்பலப்பிட்டி தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“பெரியம்மா, கொப்பியில எனக்கு எத்தனை?”

பொய் சொல்ல மனம் வரவில்லை. “ஏழு.”

“முழு அணிக்கும் 21, எனக்கு மட்டும் ஏழா?”

“ஓம்.”

கொப்பியைக் கையில் வாங்கி, வெள்ளவத்தையில் இறங்கும்வரை அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஜூலை 1, செவ்வாய்

மழை இல்லை. வேலை முடிந்து நேரே பயிற்சிக்குப் போனேன். நான் போகும்போது மற்றவர்கள் இன்னும் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார்கள். பெறாமகளும் கடைக்குட்டியும் மட்டும் பலகைக்குக் கீழே நின்றார்கள். கடைக்குட்டி கையை நீட்டி மறிக்கிறாள், இவள் பந்தை மார்போடு அணைத்து, ஒரு காலை ஊன்றி, மற்றக் காலைச் சுற்றி வைக்கிறாள். “மூண்டு... நாலு... இன்னும் விடாதீங்கக்கா” என்று சின்னவள் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தாள்.