விக்கல் எடுத்த ரோபோவும் ஒன்பது வோல்ட் பேட்டரியும்

அக்கா பையன் பள்ளிக் கண்காட்சிக்கு, தரையில் போட்ட கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும் ரோபோ செய்ய வேண்டும் என்று வந்து நின்றான். மஞ்சள் கியர் மோட்டார் இரண்டு, புரோகிராமை ஓட்டும் ஆர்டுயினோ ஊனோ பலகை, அது சொல்கிறபடி மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் எல்298என் மோட்டார் டிரைவர், கோட்டைப் பார்க்கும் ஐஆர் (அகச்சிவப்பு) சென்சார் எல்லாம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைத்தன. பேட்டரியைப் பற்றி மட்டும் யோசிக்கவே இல்லை. கைக்குக் கிடைத்த ஒன்பது வோல்ட் சதுர பேட்டரியை வாங்கி மாட்டிவிட்டோம்.

ஸ்விட்சைப் போட்டால் வண்டி ஒரு விரற்கடை நகரும், நிற்கும், ஆர்டுயினோ விளக்கு அணைந்து எரியும், மறுபடி ஒரு விரற்கடை. விக்கல் வந்த மாதிரி. “புரோகிராம்லதான் தப்பு மாமா” என்று அவன் இரண்டு நாள் அதையே மாற்றி மாற்றி எழுதினான். நான் சென்சாரைச் சந்தேகப்பட்டேன்.

மூன்றாம் நாள்தான் வோல்ட், கரண்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தேன். சும்மா இருக்கும்போது பேட்டரி 9.2 வோல்ட் காட்டியது. மோட்டார் சுழல ஆரம்பித்ததும் ஐந்துக்கும் கீழே போய்விட்டது; அதனால்தான் ஆர்டுயினோ அணைந்து அணைந்து எரிந்திருக்கிறது. அந்தச் சதுர டப்பாவுக்குள் ஆறு குட்டிச் செல்கள்தான் வரிசையாக இருக்கின்றன. புகை அலாரத்துக்குப் போதும், மோட்டாருக்கு வேண்டிய அளவு கரண்டை அதனால் தள்ள முடியாது. எங்கள் மோட்டார் ஒன்று தடையில்லாமல் சுழலும்போது சுமார் 200 மில்லி ஆம்பியர் எடுத்தது. சக்கரத்தைக் கையால் பிடித்தால் 900 வரை ஏறியது. வண்டி கிளம்பும் அந்த ஒரு கணத்திலும் ஏறக்குறைய அவ்வளவு கேட்கும்.

அடுத்து, நான்கு பென்சில் செல். ஆர்டுயினோ அணைந்து எரிவது நின்றது, ஆனால் ஆமை வேகம். எல்298என் தன் பங்குக்குச் சுமார் இரண்டு வோல்ட்டை விழுங்கிவிடுகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. ஆறில் இரண்டு போனால் மோட்டாருக்கு நான்குதான். இதே கணக்கில் ஐந்து வோல்ட் பவர் பேங்க்கும் அடிபட்டுப் போனது.

கடைசியில் 18650 என்ற அளவு லித்தியம் செல் இரண்டைத் தொடராக இணைத்தோம். 7.4 வோல்ட், இரண்டு கழித்தால் 5.4. மூன்று முதல் ஆறு வோல்ட் மோட்டாருக்கு அளவான சாப்பாடு. முழு சார்ஜில் 8.4 வரும் என்பதால் புரோகிராமில் வேகத்தை உச்ச அளவான 255க்குப் பதில் 200ஓடு நிறுத்திக்கொண்டோம்.

செல் வாங்கும்போது ஒரு வேடிக்கை. ஒன்றின் மேல், செல்லின் கொள்ளளவு 9900 எம்ஏஹெச் (மில்லி ஆம்பியர் மணி) என்று அச்சடித்திருந்தது. இந்த அளவுச் செல்லில் 3500ஐத் தொடுவதே பெரிய விஷயம். கையில் எடுத்தால் காற்றுப் போல இருந்தது. நல்ல செல் 45 கிராம் பக்கம் வரும். 2600 போட்டிருந்ததையே வாங்கினோம்.

லித்தியம் என்பதால் பயமும் இருந்தது. ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும், அதிகம் வடிந்தால் செல் கெட்டுப்போகும். அதனால் இந்த ஆபத்துகளிலிருந்து செல்லைக் காக்கும், இரண்டு செல்லுக்கான பிஎம்எஸ் பலகை ஒன்றைச் சேர்த்தோம். மாட்டியதும் வெளியே பூஜ்ஜியம் வோல்ட்! பலகை செத்துவிட்டது என்று தூக்கிப் போடப் போனேன். 8.4 வோல்ட் சார்ஜரை ஒரு தடவை காட்டியதும் உயிர் வந்தது. சில பலகைகளுக்கு இப்படி எழுப்பிவிட வேண்டியிருக்கிறது.

அப்புறம் கூடத்துத் தரையில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி ஓடவிட்டோம். முதல் வளைவிலேயே கோட்டை விட்டுவிட்டு நேராகச் சோபாவுக்கு அடியில் போய்விட்டது. இந்தத் தடவை நிஜமாகவே புரோகிராமில்தான் தப்பு.