மணிமேகலை இல்லாத கடம்பூர்

பொன்னியின் செல்வன் 2 பார்த்த நாவல் வாசகர்களுக்கு முதல் கோபம் சேந்தன் அமுதன் விஷயத்தில்தான். நாவலில் அவன் பிறந்தபோதே இடம் மாறி, பூக்காரனாக வளர்ந்த உண்மையான சோழ இளவரசன்; கல்கி மகுடத்தை அவன் தலையில் வைத்தார். படத்தில் அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகனே முடிசூடுகிறான். அந்தக் குழந்தை மாறாட்டத்தை நம்பவைக்க, 1950இல் தொடங்கி வாரவாரம் எழுதிய தொடருக்கு இடம் இருந்தது. இரண்டு படமும் சேர்த்தே ஐந்தரை மணி நேரம்தான். வெட்டியது சரி.

கடம்பூர் சிற்றரசரின் மகள் மணிமேகலையைப் படத்திலிருந்து நீக்கியதுதான் எனக்கு ஆறவில்லை. நாவலில் கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைகிறது, பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் சாகிறான், குத்தியது யாரென்று கடைசிவரை திட்டமாகத் தெரியாது. கொலைப்பழி விழுந்த வந்தியத்தேவனைக் காக்க "நான்தான் கொன்றேன்" என்று பழியை ஏற்பவள் அவள். படமோ பழைய காதலி நந்தினி முன்னால் கரிகாலன் சாவதைக் கண்ணெதிரே காட்டிவிடுகிறது. விக்ரம், ஐஸ்வர்யா ராய் நடிப்பில் அந்தக் காட்சி உலுக்குகிறது, உண்மைதான். ஆனால் எழுபது வருடமாக வீட்டுக்கு வீடு நடந்த "யார் கொன்றது?" வாக்குவாதம் அங்கே இல்லை.