கேஜன் ஃபிடில் முகாமில் எனக்கு எந்த வகுப்பு?

ஃபிடில் என்றால் நம் வயலின்தான், கேஜன் என்பது அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து நாட்டுப்புற இசை. அதைக் கற்றுத்தரும் முகாமின் விண்ணப்பத்தில் மூன்றே கட்டங்கள்: தொடக்கநிலை, இடைநிலை, மேல்நிலை. சின்ன வயதில் பத்து வருடம் கர்நாடக வயலின் கற்றவனுக்குத் தொடக்கநிலையில் டிக் அடிக்க மனசு வருமா? மேல்நிலைக்கு எதிரே ‘மெட்டைக் காதால் கேட்டே பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு’ என்று போட்டிருந்தது. நமக்கு அதுதானே பிழைப்பு என்று அங்கேயே டிக் அடித்தேன்.

ஹூஸ்டனிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில் கிழக்கே மூன்றரை மணி நேரம் ஓட்டினால் லூசியானாவின் லஃபாயெட். அதைச் சுற்றியுள்ள ஊர்கள்தான் கேஜன் இசைக்குத் தாய்வீடு. 1755 முதல் பிரிட்டிஷார் கனடாவின் நோவா ஸ்கோஷியாப் பக்கமிருந்து துரத்திய, பிரெஞ்சு பேசும் அக்கேடியர்கள் பிறகு வந்து குடியேறிய பகுதி இது. அக்கேடியன் என்ற சொல்தான் தேய்ந்து கேஜன் ஆனது. பாட்டு பிரெஞ்சில். பகலில் வகுப்பு, ராத்திரி நடனம், நடுவில் கம்போ என்கிற கெட்டிக் குழம்பும் சோறும். சாப்பாட்டில் எந்தக் குறையும் இல்லை.

முதல் வகுப்பில் உட்கார்ந்ததும் எல்லாரும் நான்கு தந்திகளையும் ஒரு முழுச் சுரம் கீழே இறக்கினார்கள். இந்த இசையில் அக்கார்டியன் என்கிற துருத்தி வாத்தியம்தான் ராஜா. பத்தே பொத்தான், பெரும்பாலும் ‘சி’ சுருதி, அதை மாற்ற முடியாது. ஃபிடிலை இறக்கிக்கொண்டால் ‘டி’யில் வாசிக்கிற சுலபமான விரல்களாலேயே அதோடு சேரலாம். சரி, இறக்கினேன்.

பிரச்சினை அடுத்து வந்தது. என் வயலினில் தந்திகளுக்குச் சுருதி கூட்டிப் பழக்கம் ச-ப-ச-ப. இங்கே எல்லாத் தந்திகளுக்கும் நடுவே பஞ்சம இடைவெளி, அதாவது ச-விலிருந்து ப வரையுள்ள தூரம். நடு இரண்டு தந்திகளைத் தாண்டும்போதெல்லாம் விரல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியது. போதாக்குறைக்கு, தரையில் உட்கார்ந்து வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றியே வளர்ந்தவன். நாற்காலியில் மோவாயில் இடுக்கினால் அது விழாமல் பார்ப்பதிலேயே இடது கைக்குப் பாதி உயிர் போனது.

மெட்டென்னவோ இரண்டாவது தடவையிலேயே மனசில் ஏறிவிட்டது. சுரம் பாடச் சொல்லியிருந்தால் பாடியிருப்பேன். வில்தான் வரவில்லை. பக்கத்துத் தந்தியில் வில் பட்டால் எங்கள் டீச்சர் நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பார்வை போதும். இங்கே படாவிட்டால்தான் தப்பு. ஒரு தந்தியில் மெட்டு, பக்கத்தில் திறந்த தந்தி விடாமல் ஒலிக்க வேண்டும். பாட்டும் தம்பூராவும் ஒரே வில்லில். தாளமும் அந்த வில்லில்தான். சில பழைய மெட்டுகளில் ஓரிடத்தில் ஒரு எண்ணிக்கை கூடும் அல்லது குறையும், யாரும் அலட்டிக்கொள்வதில்லை. ஆதி தாளம் போட்டே பழகிய நான் ஒவ்வொரு சுற்றிலும் தனியாக வேறெங்கோ போய் நின்றேன்.

மதியம் ஆசிரியையிடம் போய்ச் சொன்னேன். அவர் எத்தனை வருடம் கற்றேன் என்றெல்லாம் கேட்கவில்லை. “ஒரு வால்ட்ஸை நிறுத்தாமல் ஐந்து நிமிடம், ஒரு ஜோடி ஆடுகிற மாதிரி வாசிப்பீர்களா?” என்றார். வால்ட்ஸ் என்பது மூன்று எண்ணிக்கையில் சுழலும் ஜோடி நடன மெட்டு. மாட்டேன். “அப்போ தொடக்கநிலையா?” என்று கேட்டேன், கொஞ்சம் ரோஷத்தோடுதான். அங்கே வில்லைப் பிடிப்பதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள், உங்கள் காது தூங்கிவிடும் என்று சிரித்தார். காலையில் இடைநிலை, மதியம் ‘செகண்டிங்’ வகுப்பு என்று முடிவானது.

செகண்டிங் என்பது முதல் ஃபிடிலுக்குக் கீழே, கனத்த தந்திகளில் தாளத்தைத் தாங்கிக்கொண்டு இன்னொருவர் வாசிப்பது. டென்னிஸ் மெகீ, சேடி கோர்வில் என்ற பழைய கேஜன் ஃபிடில்காரர்கள் 1929-இல் பதிந்த இசைத்தட்டுகளைக் கேட்டால் தெரியும்: இரண்டே ஃபிடில்கள், கூட்டமே ஆடலாம். மெட்டைப் பற்றிய கவலை இல்லாததால் என் வலது கை முதல்முறையாக அங்கேதான் நிதானத்துக்கு வந்தது. மூன்றாம் நாள், பக்கத்தில் இருந்த தாத்தா ஒருவர் என் வில்லைப் பார்த்துக்கொண்டே காலைத் தட்ட ஆரம்பித்தார்.

கடைசி ராத்திரி நடனத்தில், மேடையில் பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து நான்கு வால்ட்ஸுக்கு செகண்டிங் வாசித்தேன். ஒலிபெருக்கியில் என் சத்தம் வந்திருக்காது. ஆனால் ஜோடிகள் ஆடினார்கள்.

இந்த வருடப் படிவத்திலும் அதே மூன்று கட்டங்கள். ஃபிடிலுக்கு மறுபடியும் இடைநிலை. அக்கார்டியனுக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். அதற்கு முதல் கட்டம்.