ஏரி உள்வாயில் ஒரு நெட்டைக்காலி

செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் ஊர் ஏரியில் தண்ணீர் வற்றியதும் உள்வாய் முழுக்கப் புல் எழும்பிவிடும். அந்தப் புல்லில் ஓடித் திரியும் பழுப்புக் குருவி எது என்று கண்டுபிடிக்கத்தான் பிப்ரவரியில் நோட்டு போட்டேன்.

முதல் மூன்று வாரம் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலை வெயிலில் மஞ்சளாகத் தெரிந்தது, பத்து மணிக்குச் சாம்பலாகத் தெரிந்தது. எடுத்த படங்களை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியவில்லை. பறவை பார்ப்பதில் பழகிய பெரியவர் ஒருவர் சொன்னார்: "படம் எடுக்கிறத விடுங்க தம்பி. பத்து நிமிஷம் உட்கார்ந்து அது என்ன பண்ணுதுன்னு பாருங்க."

உட்கார்ந்தேன். அன்றைக்கே, ஒன்று என்று நினைத்தது இரண்டு பறவைகள் எனத் தெரிந்தது!

ஒன்றுக்கு மெலிந்த அலகு, நீண்ட கால். நிமிர்ந்து நிற்கும், விறுவிறுவென ஓடும், நின்றதும் வாலை மேலும் கீழும் ஆட்டும். பறக்கும்போது வாலின் இரு ஓரமும் வெள்ளையாகத் தெரியும். இதுதான் வயல் நெட்டைக்காலி, சுமார் 15 செ.மீ. நீளம். பெயர் வைத்தவர் காலைத்தான் கவனித்திருக்கிறார், எவ்வளவு பொருத்தம்! மற்றது புதர் வானம்பாடி. தடித்த அலகு, குட்டை வால், இறக்கையில் செம்பழுப்பு. சீமைக்கருவேல உச்சியில் உட்கார்ந்து பாடும். மேலே எழும்பி, இறக்கையைத் தூக்கிக் காலைத் தொங்கவிட்டபடி மெல்ல இறங்கும்.

மார்ச்சில் சற்றுப் பெரிய நெட்டைக்காலி ஒன்று வந்தது. குரல் கரகரப்பு, இறங்கும் முன் புல்லுக்கு மேல் ஒரு கணம் அப்படியே நின்று பறந்தது. வடக்கிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் ரிச்சர்டு நெட்டைக்காலி என்று குறித்தேன். ஒரே நாள்தான் பார்த்தேன், அதனால் பக்கத்தில் கேள்விக்குறியும் போட்டிருக்கிறேன்.

மே மாதம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். காலடியிலிருந்து ஒரு நெட்டைக்காலி எழும்பி, இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டே போனது. கூடு பக்கத்தில் இருந்தால் இப்படி நடிக்கும் என்று படித்திருந்தேன். இது தரையில், புல்தூருக்கு அடியில் கூடு கட்டும் பறவை. ஒரு எட்டு தவறினால் முட்டை போய்விடும். தேடிப் பார்க்கவில்லை, வந்த தடத்திலேயே திரும்பினேன்.

அப்புறம் கரைமேல் இருந்துதான் பார்வை. பதினோராம் நாள், வாயில் வெட்டுக்கிளியோடு அதே தூருக்குள் ஓடியது. நான்கு நிமிடத்தில் மறுபடி வந்தது, இந்த முறை புழு.