டவல் வார்மர்: தளிக்கு ஒரு கணக்கு, தருமபுரிக்கு வேறு கணக்கு

தருமபுரி, அரூர், ஊத்தங்கரை பக்கம் வீடு என்றால் இதை இங்கேயே மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். டவல் வார்மர் என்பது குளியலறைச் சுவரில் மாட்டும், கரண்டில் சூடாகும் டவல் கம்பி. மொட்டை மாடியில் கொடி கட்ட இடம் இருக்கும்வரை அங்கே அது வெறும் சுவர் அலங்காரம். யோசிக்க வேண்டியவர்கள் ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்து ஆட்கள். ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தருமபுரி நகரம் அதில் பாதிதான். மார்கழி, தை இரவுகளில் மேட்டுப் பக்கம் 15 டிகிரிக்குக் கீழே போவது உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் தூறல் பிடித்துக்கொண்டால், காலையில் போட்ட டவல் மறுநாள் காலையிலும் சில்லென்று ஈரமாகவே கைக்கு வரும்.

பெயரில் 'வார்மர்' இருப்பதால் சூடான டவலுக்கான சாமான் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சுகம் இரண்டு நிமிடம். நம் ஊரில் இதற்கு உருப்படியான வேலை ஒன்றுதான்: டவலைக் காய வைப்பது. அதனால் வாங்குவதா வேண்டாமா என்பதை, இப்போது வீட்டில் டவல் எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதைப் பார்க்கச் சமையலறைத் தராசு போதும். நன்றாகக் காய்ந்த டவலை எடை போடுங்கள். 70க்கு 140 செ.மீ. அளவுள்ள 450 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 450 கிராம்) தேங்காய்ப்பூ டவல் சுமார் 440 கிராம் வரும். குளித்துத் துடைத்ததும் ஒரு தடவை, வழக்கமான இடத்திலேயே உலர்த்திவிட்டு எட்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை எடை போடுங்கள். துடைத்ததும் 600, 650 கிராம் காட்டும். எட்டு மணி நேரத்தில் 460க்கு வந்துவிட்டால் வார்மர் தேவையில்லை. 520க்கு மேலேயே நின்றால், அதுவும் கார்த்திகையில் வாரக்கணக்கில் அப்படியே என்றால், மேலே படிக்கலாம்.

200 கிராம் தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 480 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். 80 வாட் வார்மரின் சூடு முழுக்க டவலுக்கே போனால் ஒரு மணி நாற்பது நிமிடத்தில் வேலை முடியும். அப்படிப் போகாது. பாதிக்கு மேல் சுவருக்கும் காற்றுக்கும் போகும். ஆகவே ஒரு டவலுக்கு மூன்று முதல் நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் நான்கு மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 19 யூனிட் ஏறும். அணைக்க மறந்து நாள் முழுக்க ஓடினால் 115 யூனிட். 500 யூனிட் எல்லையை ஒட்டிப் போகும் வீடுகளுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே உறைக்கும். டைமர் இல்லாமல் மாட்டவே கூடாது என்று சொல்வது இதனால்தான். வைஃபை எல்லாம் வேண்டாம், 2 அல்லது 4 மணி நேரத்தில் தானே அணையும் சாதாரண டைமர் போதும். கிராமத்து லைனில் மாலையில் 180 வோல்ட்தான் வருகிறது என்றால் 80 வாட் வார்மர் 49 வாட்தான் இழுக்கும். டவல் காயவில்லை என்று வார்மரைக் குறை சொல்லும் முன் வோல்டேஜைப் பாருங்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது, டவலை விட்டுக் கிளம்பிய அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பதை. 5க்கு 8 அடி, 8 அடி உயரக் குளியலறையில் இருப்பது 9 கன மீட்டர் காற்று. 20 டிகிரியில் அந்தக் காற்று மொத்தமும் நிறைந்தாலே 155 கிராம் நீராவிதான் தாங்கும். ஒரு டவலின் ஈரத்துக்கே இடம் பத்தாது. வீட்டில் நான்கு டவல். கதவையும் வென்டிலேட்டரையும் அடைத்துவிட்டு வார்மரைப் போட்டால், டவலில் இருந்த ஈரம் கண்ணாடிக்கும் சீலிங்குக்கும் குடிபெயரும். ஆறு மாதத்தில் மூலையில் கருப்புப் புள்ளிகள் கிளம்பும். அதனால் முதல் செலவு எக்ஸாஸ்ட் ஃபேன். 6 இன்ச் போதும். உள்ளே காற்று வர, கதவுக்கு அடியில் ஒன்றரை செ.மீ. சந்து விடுங்கள், இல்லையென்றால் ஃபேன் சத்தம்தான் போடும். ஃபேன் மாட்டிய பிறகு அதே தராசுச் சோதனையை இன்னொரு தடவை செய்துபாருங்கள். பாதிப் பேருக்கு வார்மர் ஆசை அங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதியில் சிலருக்கு ஈரிழைத் துண்டு போதும். மெல்லிசு, பிழிந்து போட்டால் சாரல் நாளிலும் ஃபேன் காற்றில் காய்ந்துவிடும். ஓட்டல் அறையில் கிடைப்பது போன்ற தடித்த டவல்தான் வேண்டும் என்று வாங்கிவிட்டு, அதைக் காய வைக்க ஒரு மெஷின் வாங்குவது விநோதமான பொருளாதாரம். ஆனாலும் வயதானவர்களும் கைக்குழந்தையும் இருக்கும் வீடு, வெயிலே எட்டாத அபார்ட்மென்ட் உள் பாத்ரூம், இந்த இரண்டுக்கும் வார்மர் நியாயமானது.

வாங்குவதென்றால் கம்பி 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். இரும்பில் குரோம் பூசியது போர் தண்ணீர் உப்பில் வெல்டிங் இடங்களிலிருந்து உரியத் தொடங்கும். இன்னொரு எதிரி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: டைல்ஸ் கறைக்கு ஊற்றும் ஆசிட். தரையில் ஊற்றினாலும் புகை மேலே போய்க் கம்பியில் படியும். அப்புறம் குண்டூசித் தலை அளவில் பழுப்புப் புள்ளிகள், துடைத்தால் போகும், ஒரு வாரத்தில் திரும்ப வரும். 304 ஸ்டீல்கூட இதற்குத் தப்பாது. ஆசிட் ஊற்றியே ஆகவேண்டும் என்றால் ஃபேனைப் போட்டு, முடித்த கையோடு கம்பியை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள்.

உள்ளே திரவம் நிரப்பியது, நிரப்பாதது என்று இரண்டு வகை. நிரப்பியது எல்லாக் கம்பியும் ஒரே சீராகச் சுடும், ஆனால் கனம், வெல்டிங்கில் கசிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். நிரப்பாத வகை சீக்கிரம் சூடேறும், நம் உபயோகத்துக்கு அதுவே சரி. சோலார் ஹீட்டர் வெந்நீரையே குழாய்க்குள் ஓடவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். வெளிநாட்டில் ஓடுவது வீட்டைச் சூடாக்கும் மூடிய சுற்றுத் தண்ணீர், அதையே திரும்பத் திரும்பச் சுற்றவிடுவார்கள். நம் போர் தண்ணீரைத் தினமும் புதிதாக விட்டால் உப்புப் படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும்.

கம்பிகளுக்கு நடுவே கை நுழையும் இடைவெளி உண்டா என்று கடையிலேயே பாருங்கள். டவலை நான்காக மடித்துப் போட்டால் கம்பியைத் தொடும் மடிப்பு மட்டும் காயும், உள்மடிப்பும் கீழ்க்கரையும் ஈரமாகவே நிற்கும். ஒரே மடிப்பாகப் போட்டு, பாதி நேரத்தில் திருப்பிப் போடுங்கள். உப்புத் தண்ணீரில் துவைத்த டவல் அசையாமல் காய்ந்தால் அப்பளம் மாதிரி விறைக்கும். மாட்டும் முன் நாலு உதறு உதறினால் கொஞ்சம் குறையும். ஏற்கெனவே வாடை பிடித்த டவலுக்கு இந்தச் சூடு பத்தாது, அதை 60 டிகிரி வெந்நீரில்தான் துவைக்க வேண்டும்.

இனி வயரிங். வார்மர் ஐ.பி. 44 தரமாவது (தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் தரம்) இருக்க வேண்டும். ஷவர் நனைக்கும் பகுதியிலிருந்து 60 செ.மீ. தள்ளி மாட்டுங்கள். சுவிட்ச் வெளியே, 1.5 சதுர மி.மீ. காப்பர் வயர், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்ச்) வேண்டும். பழைய வீடுகளில் இருப்பது 100 அல்லது 300 மில்லி ஆம்பியர் என்றால் அது ஆளைக் காப்பாற்ற வைத்ததல்ல.

எலக்ட்ரீஷியன் அவசரத்தில் செய்யும் வேலை, பாத்ரூம் லைட் பாயிண்டிலிருந்தே லைன் இழுப்பது. அதில் இரண்டு கோளாறு. பழைய லைட் பாயிண்டுக்கு எர்த் வயர் வந்திருக்காது, உலோக உடம்புள்ள சாமானுக்கு எர்த் இல்லாமல் கொடுக்கவே கூடாது. அந்த லைட் இன்வெர்ட்டர் லைனில் இருந்தால் கரண்ட் போனதும் வார்மர் பேட்டரியைக் குடிக்கும். இன்வெர்ட்டர் நியூட்ரலும் மெயின் நியூட்ரலும் எங்காவது கலந்துவிட்டால் ஆர்.சி.சி.பி. நினைத்தபோதெல்லாம் விழும். பழி வார்மர் மேல் போகும். கலப்பு இல்லாமலும் விழுந்தால், கம்பி முனை மூடிக்குள் ஈரம் இறங்கியிருக்கிறதா என்று மெகர் (இன்சுலேஷன் அளக்கும் கருவி) போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கிருஷ்ணகிரிப் பக்கம் பாறை நிலம். எர்த் கம்பி ஆழம் இறங்காமல் நின்றிருக்கும், சித்திரை வைகாசியில் மண் வறண்டால் எர்த் இன்னும் பலவீனமாகும். மாட்டும் முன் எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதை மறக்க வேண்டாம்.

சுவரில் துளை போடும்போது டைல்ஸ் தாண்டும்வரை டிரில்லில் ஹேமர் மோட் (இடித்துத் துளைக்கும் முறை) கூடாது. கீழ்க் கம்பி தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் வரட்டும். கீசரிலிருந்து ஷவருக்குப் போகும் கன்சீல்டு பைப் நேராகத்தான் போயிருக்கும் என்று நம்பாதீர்கள், டைல்ஸ் ஒட்டும் முன் எடுத்த போட்டோ இருந்தால் தேடி எடுங்கள். ஹாலோ பிளாக் (உள்ளே வெற்றிடம் உள்ள சிமென்ட் கல்) சுவரில் சாதாரண பிளாஸ்டிக் பிளக் நிற்காது. துளை போடும்போது டிரில் திடீரென்று உள்ளே ஓடினால் அது ஹாலோதான், அங்கே கெமிக்கல் ஆங்கர் (பசை ஊற்றி இறுக்கும் போல்ட்) போடச் சொல்லுங்கள்.